காமன் பொட்டலும் கலாநிதிப் பட்டமும்

பேராதனையில் நுவரெலியா பஸ் ஏறினால் கம்பளை, புசல்லாவை தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்துவிடலாம். ஈழத்துத் தமிழ் அரங்கியல் ஆய்வு வளர்ந்தது பேராதனையில். ஆனால் அது மட்டக்களப்புக்குப் போனது, மன்னாருக்குப் போனது. பக்கத்து மலைக்கு ஏற மட்டும் வெகுகாலம் எடுத்துக்கொண்டது.

தமிழில் நாடக ஆராய்ச்சி நூலைப் பார்த்தே தொடங்கியது. பரிதிமாற் கலைஞரின் ‘நாடகவியல்’ (1897) இலக்கணம் வகுத்தது. விபுலாநந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ (1926) சேக்‌ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் ஒருங்கே எடுத்துப் பேசியது. பல்கலைக்கழகப் பட்டமாக அது முழு உருவம் பெற்றது கார்த்திகேசு சிவத்தம்பியிடம். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தொம்சனிடம் பயின்று, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி அவர் 1970இல் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வு 1981இல் நூலாக வந்தது. சமூகத்தை விட்டு நாடகத்தைப் பேச முடியாது என்பதை அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

பேராதனையின் கதை வேறு. 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’யை மேடையேற்றினார். அது ‘நாடகம’ என்னும் சிங்கள நாட்டார் அரங்கிலிருந்து எழுந்தது. அந்த நாடகமவுக்கோ தமிழ்க் கூத்துடன் நெருங்கிய உறவு உண்டு. பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் அந்த உந்துதலில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்தார். ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) என்று வரிசையாக மேடையேறின. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். ஆடியவரே ஆய்வாளரானது இத்துறைக்குக் கிடைத்த பெரிய பேறு.

அதே ஆண்டுகளில் வித்தியானந்தன் ‘அலங்காரரூபன்’, ‘மூவிராசர்’, ‘ஞானசவுந்தரி’ முதலான நாடகங்களை அச்சிட்டார். அவை மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கிடைத்தவை. தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்தின் கூத்து அந்த வரிசையில் இல்லை. இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. ஏட்டுப் பிரதி கையில் இருந்தால்தான் பதிப்பிக்க முடியும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் ஊர்ப் பிள்ளை வகுப்பில் இருந்தால்தான் ஏடு கைக்கு வரும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பள்ளிக்கூடங்கள்கூட 1970கள் வரை தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்த சமூகத்திலிருந்து பேராதனைக்கு எத்தனை பிள்ளைகள் போயிருக்க முடியும்?

இன்னொரு காரணம் கூத்தின் உள்ளேயே இருக்கிறது. மலையகத்தில் பெரிதாக ஆடப்படுபவை மூன்று: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு. இவற்றுள் காமன் கூத்துக்கு மேடையும் இல்லை, ஓர் இரவில் முடியும் கதையும் இல்லை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவுதோறும் தப்பு முழங்க ரதியும் காமனாகிய மதனும் ஆடுவார்கள். ரதி வேடம் போடுபவரும் ஆண்தான். பகலில் மலையில் வேலை செய்தவர் இரவில் கிரீடம் கட்டுகிறார். காலையில் மறுபடி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கிறார். மதன் எரிக்கப்படும் தகன இரவில் தூதன், எமன், வீரபத்திரன் என்று ஒவ்வொருவராகப் பந்தத்துடன் வருவார்கள். லயம் என்னும் தோட்டக் குடியிருப்பில் யாருக்கு எப்போது அருள் வரும் என்று சொல்ல முடியாது. மதன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் லாவணிப் பாட்டில் மோதிக்கொள்வதும் இந்தக் காமன் மரபோடு சேர்ந்ததே. இதில் எதைப் பிரதி என்று அச்சிடுவது?

பிரதியைத் தாண்டிப் பார்க்கும் வழி ஏற்கெனவே உண்டு. நாடக வரலாற்றுக்கு எழுதிய நூலைவிட நிகழ்ந்த ஆட்டமே முதற்சான்று என்று வாதாடி, மாக்ஸ் ஹெர்மான் பெர்லினில் அரங்கியலுக்கென்று தனி நிறுவனம் அமைத்தது 1923இல். காசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரில் ஏறத்தாழ ஒரு மாதம் ஊரையே அரங்காக்கி நடக்கும் ராம்லீலாவை ரிச்சர்ட் ஷெக்னர் நடந்து நடந்தே ஆராய்ந்தார். காமன் கூத்துக்கு வேண்டியதும் இந்த முறைதான்: தகன இரவுக்கு மட்டும் கேமராவோடு வந்து திரும்பாமல், மாசி முழுக்கத் தோட்டத்தில் தங்குவது.

மலையகத்தின் நினைவைக் காப்பாற்றியவர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள். மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளைப் பதிவு செய்தார்; சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தைத் திரட்டினார். ‘ஈழத்தில் தமிழ் நாடகம்’ எழுதிய அந்தனி ஜீவா நாடகக்காரராகவே வாழ்ந்தார். இன்னும் முன்னே போனால், 1930களில் கோ. நடேசய்யர் ‘அந்தரப் பிழைப்பு நாடகம்’ எழுதித் தோட்ட வாழ்வை நாடகப் பொருளாக்கிவிட்டார். அரங்க வரலாற்றுப் பாடத்தில் இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்கலாம்.

காமன் கூத்தை ‘பாரம்பரியம்’ என்று புகழ்ந்துவிட்டு நிறுத்தும் கட்டுரைகளால் பயனில்லை. தப்பு அடிப்பவர் யார், அவருக்கு ஆட்டத்தில் வேடம் உண்டா, பெண்களுக்கு ஏன் இடமில்லை, நிர்வாகம் எப்போது அனுமதித்தது, எப்போது மறுத்தது என்று கேட்க வேண்டும். 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தால் பாதிக் குடும்பம் இந்தியாவுக்குப் போனபோது எத்தனை ஆட்டக் குழுக்கள் உடைந்தன என்பதும் ஆய்வுதான்.

இன்று மலையகப் பிள்ளைகளே ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் எடுத்துப் பல்கலைக்கழகம் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வுத் தலைப்புத் தேடி நூலகத்துக்குப் போகுமுன் உங்கள் தோட்டத்துக் கூத்து மாஸ்டரிடம் போங்கள். அவர் பாட்டையும் தாளத்தையும் அடவையும் வரும் மாசியிலேயே பதிவு செய்யுங்கள். மேற்பார்வையாளர்களுக்கும் ஒன்று: கம்பம் ஊன்றும் நாளிலிருந்து மாணவருக்கு லீவு கொடுங்கள்.