மடை திறந்த சொல்

சங்கத்தின் சிறுவர் பேச்சுப் போட்டியொன்றில் நடுவராக அமரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மனப்பாடம் செய்துவந்த உரையைப் பாதியில் மறந்துவிட்ட சிறுமி ஒருத்தி, சற்றே திகைத்து நின்றாள்; பின்னர்த் தன் பாட்டியைப் பற்றித் தன் சொந்தத் தமிழில் பேசத் தொடங்கினாள். மணியடித்த பின்னும் அவள் பேச்சு நிற்கவில்லை. "மடை திறந்த வெள்ளம்போலப் பேசினாய்" என்று பாராட்டினோம். "மடைன்னா என்ன மாமா?" என்று அவள் கேட்டாள். "தண்ணீர் வரும் வழி" என்று கூறித் தப்பினோம். அவ்விடை போதாது என்பது வீடு திரும்பும்போதே உறுத்தியது. அச்சொல்லை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

திடீரெனப் பெருகும் பேச்சைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்கள் பெரும்பாலும் நீரிலிருந்து பிறந்தவை. பொழிவு மேகத்தின் தொழில். நினைத்தவுடன் பாடிய ஆசுகவிக்குக் காளமேகம் என்று பெயர் வழங்கியது இதனால் பொருத்தமாகிறது. ஊற்றெடுத்தல் மண்ணின் தொழில். பொங்குதல் அடுப்பிலேற்றிய பானையின் தொழில். மடை ஒன்றே மனிதன் கையால் அமைத்து, மனிதன் கையால் திறப்பது.

ஏரியின் உட்புறம், கரையை ஒட்டி, இரண்டு கல்தூண்கள் நீருக்குள் நிற்கும். அவற்றின் அடியில் உள்ள துளையை ஒரு கட்டை அடைத்திருக்கும். அதனை மேலே தூக்கினால், கரைக்கு அடியில் கட்டிய வழியே நீர் பீறிட்டு வாய்க்காலில் பாயும். இதுவே மடை. இதனைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் நீர்பாய்ச்சி என்றும் நீர்க்கட்டி என்றும் பெயர்பெற்றவர் ஊர்தோறும் இருந்தனர்.

ஏரியிலிருந்து நீர் வெளியேறும் வழிகள் மூன்று. பயிருக்கென்று திறப்பது மடை. கொள்ளளவு மீறியபோது தானே வழிவது கலிங்கு. கரை தாங்காமல் பிளப்பது உடைப்பு. மூன்றிலும் வெள்ளம் உண்டு. எனினும் மடைநீர் வயலை நாடும், கலிங்குநீர் அடுத்த ஏரியை நாடும், உடைப்புநீர் ஊரை அழிக்கும். நம் மேடைகளிலோ, நிறுத்தாமல் பேசுவோர் அனைவரையும் மடை திறந்தவர் என்றே அறிமுகம் செய்கிறோம். அவர்களுட் சிலர் உடைப்பெடுத்தவர் என்பதைக் கேட்டவர் அறிவர்!

சொல்லின் பிறப்பும் நோக்கத்தக்கது. மடுத்தல் என்பதற்கு உட்கொள்ளுதல், நிறைத்தல் என்னும் பொருள்கள் உண்டு. செவிமடுத்தல் என்பதில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. மடை என்பதற்குத் தெய்வத்திற்குப் படைக்கும் உணவு என்ற பொருளும் பழமையானது. கோயில் மடைப்பள்ளி அதற்குச் சான்று. மடையை மடுத்தலோடு உறவுடையதாகக் கொண்டால், வெளியே பாய்வதைக் குறிக்கும் இச்சொல்லின் அடியில், உள்ளே ஏற்றல் என்னும் கருத்து இருப்பது விளங்கும்.

இலக்கியத்தில் இதற்கொரு சிறந்த எடுத்துக்காட்டு வள்ளலாரின் அருட்பெருஞ்சோதி அகவல். 1,596 அடிகள் கொண்ட அந்நூலை 1872ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் ஒரே இரவில் அவர் எழுதி முடித்தார் என்பர். வியப்புத்தான், ஆயினும் அவருக்கு அப்போது அகவை 48. திருவருட்பாவின் முதற்பகுதி அச்சேறி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அதற்கும் முன்னே பல்லாண்டுகள் பாடியும் கசிந்தும் நிறைந்த ஏரி அது. அந்த இரவு மடை திறந்த இரவு.

நம் பிள்ளைகள் பிறந்த நகரங்களில் கண்மாய் இல்லை. குழாயைத் திருகினால் நீர் வருகிறது. மடையைக் காணாதவர்க்கு இச்சொல் வெறும் ஓசையாகத் தேய்ந்துபோகும் என்ற அச்சம் நமக்கு உண்டு. ஆனால் அச்சிறுமியை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். மனப்பாடம் செய்த உரை அவளைக் கைவிட்டது. கைவிடாதது, விடுமுறைதோறும் பாட்டியின் அருகிலிருந்து அவள் கேட்ட தமிழ். அவளை மீண்டும் காணும்போது, ஏரிக்கரையையும் கல்தூண்களையும் ஒரு தாளில் வரைந்து காட்டுவோம். பாட்டி சொன்னதை நீ செவிமடுத்தாயே, அதனால்தான் திறக்க ஒரு மடை இருந்தது என்றும் சொல்வோம். பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் பெற்றோர், அதனினும் மிகுதியாக அவர்களோடு தமிழில் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.