பழவேற்காட்டை ரசிப்பது எப்படி?

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே, ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. வருகிறவர்களில் பலர் ஏரியையும் பூநாரையையும் பார்த்துவிட்டு, இறால் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஊரை ரசிக்க வேண்டுமானால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குவதே சரி.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகம் இங்கிருந்துதான் நடந்தது. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான். அதைத் தேடி அலைய வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டம் அப்படியல்ல. வாயிலிலேயே இரண்டு கல் எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. ஒன்றின் தலையில் மணற்கடிகாரம். மற்றொன்று மண்டையோட்டுடன் நிற்கிறது. உள்ளே பலகைக் கற்களில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும். காலை வெயில் சாய்வாக விழும்போது செதுக்கல் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் வெறும் கல்லாகிவிடும்.

டச்சுக்காரர்களை இழுத்தது துணி. இங்கிருந்து போன கட்டம்போட்ட துணி தென்கிழக்காசியாவில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கைமாறியது. மலாய்க்காரர்கள் கைலியை இன்றும் இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் இப்போது இங்கே வாங்க ஏற்றது துணியல்ல, முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி. ஓலை நுனி வெளியே நீட்டாமல் உள்ளே செருகியிருக்கிறதா, மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கையால் முடைவது, பேரம் பேசாமல் வாங்குவதே மரியாதை.

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் விஜயநகரக் காலத்துப் பாணி, செம்புறாங்கல் கட்டடம். இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாக இருப்பதால் குனிந்து, நின்று பார்த்தால்தான் கண்ணில் படும். மகிமை மாதா ஆலயம் போர்ச்சுகீசியர் காலத்தில் தோன்றியது என்பார்கள். இப்போதைய கட்டடம் புதியது. பழமையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டல் கிடையாது. மீனும் நண்டும் தரும் சிறு கடைகள் போதும். வாங்கிப்போவதானால், இறாலின் தலை உடலோடு உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். நண்டு உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, கைக்குக் கனக்கவும் வேண்டும். இவை கிடைக்கும் ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை மீனவக் கிராமங்கள் ‘பாடு’ என்ற முறைவைப்பால் தமக்குள் தீர்மானித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

பூநாரைகளுக்குக் குளிர்கால மாதங்களே ஏற்றவை. ஏரிக்கரையில் யாராவது படகுச் சவாரிக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.