கனவைக் கேட்டவர்கள்

அம்மையார்குப்பத்தில் எங்கள் தெருவில் தறி ஓட்டும் அக்கா ஒருவர் ஒருநாள் விடிகாலையில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். “சொப்பனத்துல பாவு இழை அத்துப்போச்சு பாட்டி. முடிச்சுப் போடப் போட அத்துக்கிட்டே இருந்துச்சு” என்றார். பக்கத்து வீட்டுப் பாட்டி பலன் எதுவும் சொல்லவில்லை. “பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின கடன் இன்னும் எவ்ளோ நிக்குது?” என்று கேட்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கனவிடம் மனிதர் கேட்டவை இரண்டு கேள்விகள்: என்ன நடக்கப்போகிறது? கண்டவர் மனத்தில் என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்குக் கனவுப் பலன் சொல்லும் பழைய நூலான பொன்னவனின் ‘கனாநூல்’ விடை தேடியது. எந்த யாமத்தில் கண்டோம் என்பதை வைத்தும் அது பலன் காலத்தைக் கணித்தது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன், கோப்பெருந்தேவி மூவருமே வரப்போகும் கேட்டைக் கனவில் காண்கிறார்கள். ஆனால் கண்ணகியின் கனவு வரும் பகுதிக்குப் பெயர் ‘கனாத்திறம் உரைத்த காதை’. கண்டதைவிட, அதைத் தோழி தேவந்தியிடம் சொன்னதே தலைப்பாகிறது. திருக்குறளின் 122ஆம் அதிகாரமும் ‘கனவுநிலை உரைத்தல்’தான். அங்கே பலன் பற்றிய பேச்சே இல்லை. நனவில் வராத காதலன் கனவில் வருகிறான். இரண்டாம் கேள்வி நமக்குப் புதிதல்ல.

அந்தக் கேள்வியை முறையான ஆய்வாக்கியவர் சிக்மண்ட் பிராய்டு. 1900 என்று ஆண்டு பொறித்து 1899 இறுதியில் வெளியான ‘கனவுகளின் விளக்கம்’ நூலில், கனவு என்பது வேடமிட்டு நிறைவேறும் விருப்பம் என்றார். கண்டவரே ஒவ்வொரு துணுக்கும் தமக்கு எதை நினைவூட்டுகிறது என்று சொல்ல வேண்டும் என்பது அவர் முறை. அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். எந்த விருப்பத்தோடும் அதற்கு எதிரான விருப்பமும் மனத்தில் உண்டு என்பது அவர் கருத்து. கண்ணகி கனவில் பிரிந்துபோன கணவன் கை பற்றி அழைத்துப் போகிறான்; போன ஊரிலோ அவர்கள்மேல் பழி விழுகிறது. ஏக்கமும் அச்சமும் ஒரே கனவில் பின்னிக் கிடப்பதைப் போஸை அறிந்தவர்கள் எளிதில் காண்பார்கள்.

பின்னர் கனவு ஆய்வுக்கூடத்துக்கும் போனது. 1953இல் உறக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் கண்கள் விரைந்து அசையும் உறக்க நிலையைக் கனவோடு தொடர்புபடுத்தினார்கள். 1977இல் மூளை ஆய்வாளர்கள் ஹாப்சனும் மெக்கார்லியும், மூளைத்தண்டிலிருந்து எழும் தூண்டல்களை மூளை கதையாகக் கோப்பதே கனவு என்றார்கள். ஆயிரக்கணக்கான கனவுகளைத் திரட்டிய உளவியலாளர் கால்வின் ஹால், பகலின் கவலைகளே இரவிலும் தொடர்வதைக் கண்டார். தூண்டல் மூளையில் பிறக்கலாம். அது அறுந்த இழையாகத் தோன்றுவதற்குத் தறியில் கழியும் வாழ்க்கை வேண்டும்.

ஆகவே எல்லோருக்கும் ஒரே பலன் சொல்லும் பட்டியலை நான் நம்புவதில்லை. பாட்டியின் கேள்வியை நம்புகிறேன். அன்று அக்கா பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் தறிக்குப் போனார்.