குரலில் ஏறும் வயது

ஜப்பானில் ஞாயிறு மாலை ஆறரை மணி என்றால் ‘சசாயே-சான்’. 1969 அக்டோபரில் ஃபியூஜி தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தக் குடும்பத் தொடர் இன்னும் நிற்கவில்லை. உலகில் மிக நீண்ட காலம் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. மச்சிகோ ஹசெகாவா 1946இல் நாளிதழுக்கு வரையத் தொடங்கிய சித்திரக்கதைதான் இதன் மூலம். தொடரில் சசாயேவுக்கு இன்றும் வயது 24தான். முதல் அத்தியாயத்திலிருந்து அவளுக்குக் குரல் தந்துவரும் மிதோரி கட்டோ எண்பதைக் கடந்துவிட்டார்.

பாத்திரங்களுக்கு வயதே ஏறாத இவ்வகைத் தொடர்களை ஆராய்பவர்கள் ஓவிய பாணியைப் பேசுகிறார்கள், நையாண்டியைப் பேசுகிறார்கள். குரலைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை. கோட்டுருவம் மூப்படையாது, ஒவ்வொரு புதிய அத்தியாயத்திலும் காலம் நுழைய இருக்கிற ஒரே வாசல் குரல்.

அமெரிக்காவில் 1960இல் வந்த ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கற்காலத் தம்பதிக்கு 1963இல் ஒரு பெண் பிறந்தாள். 1966இல் தொடர் முடிந்தபோதும் அவள் குழந்தைதான். 1989 டிசம்பரில் தனித் தொடரான ‘சிம்ப்சன்ஸ்’ வீட்டிலும் பார்ட்டுக்கு இன்றுவரை பத்து வயதுதான். ஆனால் அவன் தாய் மார்ஜின் பழைய அத்தியாயம் ஒன்றையும் புதியது ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அவளுக்குப் பேசும் ஜூலி காவ்னரின் கரகரப்பு எவ்வளவு ஆழ்ந்துபோயிருக்கிறது! 2013இல் மார்சியா வாலஸ் இறந்தபோது, அவர் பேசிய ஆசிரியை பாத்திரத்துக்கு வேறு குரல் தேடாமல் அவளையும் ஓய்வுபெறச் செய்தார்கள். அது மிகச் சரியான முடிவு. வயது மட்டுமல்ல, மாறும் பார்வையும் குரலை மாற்றும்: அதே தொடரின் இந்தியக் கடைக்காரர் அப்புவுக்கு வெள்ளையரான ஹாங்க் அசாரியா பேசியது, 2017இல் ஹரி கொண்டபோலுவின் ஆவணப்படத்துக்குப் பிறகு பெரும் விவாதமாயிற்று. 2020இல் அசாரியா விலகினார்.

தமிழ் பேசி நம் வீடுகளுக்கும் வந்துவிட்ட ஷின்சானின் கதை என்னை அதிகம் பாதித்தது. ஜப்பானிய மூலத்தில் 1992 முதல் அந்த ஐந்து வயதுப் பையனாகப் பேசியவர் அகிகோ யாஜிமா. இருபத்தாறு ஆண்டுகள் பேசிவிட்டு 2018இல் அவரே விலகிக்கொண்டார். பையனின் குரலைக் கொண்டுவருவதிலேயே கவனமெல்லாம் போய்விடுகிறது, அவன் பேச்சு தானாக வருவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். எந்தத் திறனாய்வு நூலிலும் இவ்வளவு துல்லியமான அவதானிப்பை நான் பார்த்ததில்லை. அப்பா ஹிரோஷியாகப் பேசிய கெய்ஜி ஃபுஜிவாரா உடல்நலம் குன்றி 2016இல் ஒதுங்கினார், 2020இல் மறைந்தார். திரையில் ஹிரோஷி அதே அலுவலகத்துக்குத்தான் ஓடுகிறார், வேறொருவர் குரலில்.

காலத்தை மறைக்காமல் உள்ளே அழைத்த தொடர் ‘கிங் ஆஃப் த ஹில்’. 1997இல் டெக்சாஸின் ஆர்லன் என்ற கற்பனை ஊரில் தொடங்கி 2010 வரை ஓடியது. 2025 ஆகஸ்டில் ஹூலு தளத்தில் திரும்பியபோது, கதையின் குடும்பத் தலைவர் ஹாங்க் நரைத்திருந்தார், சவுதி அரேபியாவில் வேலை முடித்து ஊர் திரும்பியிருந்தார். மகன் பாபி 21 வயதுச் சமையல்காரன். பக்கத்து வீட்டு டேலுக்குப் பேசிய ஜானி ஹார்ட்விக் 2023இல் இறந்துவிட்டார். ஆனால் அதற்குள் சில அத்தியாயங்களுக்குப் பேசி வைத்திருந்தார். எஞ்சியவற்றில் டோபி ஹஸ் பேசினார். ஒரே பருவத்துக்குள் டேலின் குரல் மாறுகிறது. வேலியோரம் ஹாங்க், டேல் உட்பட அதே நான்கு நண்பர்கள் பீர் டப்பாவோடு நிற்கிறார்கள்.