லாரித் தொழிலில் புதியவரும் பழகியவரும்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கருமணல் நூறாண்டுகளுக்கு மேலாகவே உலகச் சந்தை அறிந்த சரக்கு. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் இக்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்ததும், அதன் பயனாய் இங்கே மணல் ஆலை எழுந்ததும், அந்நியக் கம்பெனிகளின் வசமிருந்த அத்தொழில் 1965-இல் மத்திய அரசின் அருமணல் ஸ்தாபனத்தின் கைக்கு வந்ததும் சரித்திரத்தில் பதிவான செய்திகள். ஆலை பிரித்தெடுத்த இல்மனைட்டும் சிர்க்கானும் கார்னெட்டும் ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு ஒரு லாரியும் அதை ஓட்ட ஒரு மனிதனும் வேண்டியிருப்பது அத்தகைய பதிவுக்குரிய செய்தியாக எவருக்கும் தோன்றுவதில்லை. அம்மனிதன் தொழிலுக்குப் புதியவனாயிருந்தால் முதலாளிமார் அவனை ஒரு விதமாகவும், பழகியவனாயிருந்தால் வேறு விதமாகவும் நடத்துவது நம் பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். அந்த வித்தியாசத்தில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்பதையே இங்கு பரிசீலிக்க விரும்புகிறேன்.

வழக்கத்தின் பழைய உருவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். டிரைவராக விரும்பிய இளைஞன் கிளீனராகவே வண்டியில் ஏறினான். தார்ப்பாய் போர்த்திக் கயிறு இறுக்குவது, டயரைத் தட்டி ஓசையிலேயே காற்றின் அளவை அறிவது, பின்னால் நின்று குரல் கொடுத்து வண்டியை ஒடுக்கமான சந்தில் திருப்பவைப்பது என்று தொடங்கிய அவனுடைய பயிற்சி, லோடு இறக்கிய பின் காலி வண்டியைச் சிறிது தூரம் ஓட்டக் கிடைக்கும் அனுமதியாக வளர்ந்து, இரண்டாம் டிரைவர் என்னும் நிலையைக் கடந்து, மூத்தவரின் வாய்ச்சொல்லும் முதலாளியின் நம்பிக்கையும் ஒருங்கே கூடிய நாளில்தான் தனி வண்டியாக முடிந்தது. ஆண்டுகள் பல பிடிக்கும் இந்த ஏற்பாட்டில் ஏச்சும் பேச்சும் இருந்தன, சில வேளை அடியும் இருந்தது, கூலியோ பெயருக்குத்தான். ஆயினும் அதன் உள்ளே ஒரு விவேகம் இருந்ததை மறுப்பதற்கில்லை.

ஏனெனில், இந்தப் பிரதேசத்தில் பார வண்டி ஓட்டுவது எளிய காரியமன்று. சாதாரண மணலில் பெரும்பங்காகிய படிகக்கல்லைக் காட்டிலும் இல்மனைட் ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. வண்டியின் பெட்டி பாதிகூட நிறையவில்லையே என்று கண் சொல்லும்போது, அச்சு தாங்கக்கூடிய பாரம் முழுவதும் ஏறியிருக்கும். கண்ணை நம்பி பிரேக்கை மிதிக்கிறவன் தான் எண்ணிய இடத்தில் நிற்க மாட்டான். திங்கள்நகர் வழியாகவோ குளச்சல் வழியாகவோ செல்லும் சாலைகளின் இரு மருங்கிலும் வீட்டு வாசல்களே கரையாக அமைந்திருக்கின்றன. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்ற நெருக்கத்தில், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் நம் மாவட்டத்துக்குத்தான். தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவ மழையும் இங்கே பெய்கின்றன. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் வண்டியோ ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றின் பக்கவாட்டு வீச்சுக்கு முகங்கொடுத்தாக வேண்டும். இவற்றையெல்லாம் ஒருவன் அறிவது, அறிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை எப்போது கியருக்குப் போகிறது, கால் எப்போது தளர்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான்.

சட்டம் விதிக்கும் தகுதியோ மிகக் குறைவு. இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும்; இலகு ரக வண்டிக்கான உரிமம் பெற்று ஓராண்டு கழிந்திருக்க வேண்டும்; எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியும் 2019-இல் நீங்கிவிட்டது. 2021-இல் வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களுக்கான விதிகள், கனரக வண்டிப் பயிற்சிக்கு ஆறு வாரங்களில் 38 மணி நேரம் என்று வரையறுக்கின்றன. உரிமம் வாங்கிய மறுநாளே பாரம் நிறைந்த டாரஸ் லாரியை ஒருவனிடம் ஒப்படைக்க மறுக்கிற முதலாளியை நான் குறை கூற மாட்டேன். அவருடைய தயக்கம் அவருடைய சொத்தை மட்டுமன்றி, சாலையோரத்தில் பள்ளிக்குப் போகும் குழந்தையையும் காக்கிறது.

இவ்வளவும் வழக்கத்தின் பக்கத்திலுள்ள நியாயம். ஆனால் அந்த நியாயம் முழுவதும் ஒரே ஆதாரத்தின் மேல் நின்றது: புதியவனும் பழகியவரும் ஒரே கேபினுக்குள் இருந்தார்கள். இன்று அந்த ஆதாரம் சரிந்துவிட்டது. டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் வங்கித் தவணையும் ஏற ஏற, கிளீனரின் சம்பளமே முதலில் வெட்டுப்பட்டது. தேசிய பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர்கள் கட்டாயம் என்றிருந்த விதியும் 2018-இல் எடுக்கப்பட்டது. ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது என்ற வரம்பு ஏட்டில் இருக்கிறது. இரண்டாவது இருக்கையில் ஆள் இல்லை.

இதன் விளைவாக நேர்ந்திருப்பது யாதெனில், பழைய ஏற்பாட்டின் தண்டனைகள் அத்தனையும் அப்படியே நிற்க, அதன் போதனை மாத்திரம் மறைந்துபோயிற்று. புதியவனுக்குப் பேட்டா குறைவு, காத்திருப்பு அதிகம், பிறர் வேண்டாமென்று தள்ளிய இரவு நடை அவனுக்கு, கண்ணாடி உடைந்தாலும் மைலேஜ் குறைந்தாலும் சம்பளத்தில் பிடித்தம். எல்லாவற்றிலும் கொடியது வண்டி ஒதுக்கும் முறை. ஷெட்டுக்குப் புதிய லாரி வந்தால் அது மூத்தவருக்குப் போகிறது. பிரேக் தேய்ந்து ஸ்டீரிங் ஆடும் பழைய வண்டி புதியவனுக்கு வருகிறது. மூத்தவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதப்படும் இச்செயல், குறையுள்ள யந்திரத்தைச் சமாளிக்கும் திறமை எவனிடம் மிகக் குறைவோ அவனிடமே மிகக் குறையுள்ள யந்திரத்தைக் கொடுப்பதாகும். இதே கரையில் சின்னவிளை, கடியபட்டணம் மீனவர்கள் புதுக்கையைக் கடலுக்குப் பழக்குவதை முதலாளிமார் எண்ணிப் பார்க்கலாம்: அவனுடைய பங்கு குறைவாக இருக்கலாம், ஆனால் ஓட்டை வள்ளத்தைக் கொடுத்து அவனைத் தனியே அலைக்குள் அனுப்புகிறவர் எவருமில்லை.

பழகியவரின் நிலைமை மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சுகமாகத் தோன்றும். நல்ல வண்டி, கூடுதல் பேட்டா, கேட்டால் முன்பணம், முதலாளி வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு ஆகிய மரியாதைகள் மெய்யானவையே. ஆயினும் நம்பிக்கைக்குரியவர் என்ற ஒரே காரணத்தால் அவசரமான லோடு ஒவ்வொன்றும் அவர் தலையில்தான் ஏறுகிறது. ஓய்வு கேட்பது நன்றி மறப்பதாகக் கொள்ளப்படுகிறது. இருபது ஆண்டுகள் ஓட்டியவர் ஷெட் மாறினால், அந்த இருபது ஆண்டுகளுக்கு முதலாளியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. மனஸ்தாபத்தோடு பிரிந்திருந்தால் அதுவும் இல்லை. உரிமம் அவர் எந்த வகை வண்டியை ஓட்டலாம் என்று சொல்லுமேயன்றி, எந்தச் சரக்கை, எந்தக் கணவாயில், எத்தனை காலம் விபத்தின்றி ஓட்டினார் என்று சொல்லாது. பழகியவர் இவ்வாறு ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடப்பதும் புதியவன் எவரிடமும் நிலைக்காமல் அலைவதும், அனுபவத்துக்குப் பதிவு இல்லை என்னும் ஒரே குறையின் இரண்டு பலன்கள் என்பது என் துணிபு.

முதலாளியின் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்களில் பலர் ஒன்றிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு தவணைக்கும் வருமானத்துக்கும் இடையே திண்டாடுகிறவர்கள். நேற்றுவரை தாமே டிரைவராக இருந்தவர்கள். இத்தனை நாள் சோறுபோட்டுக் கற்றுக்கொடுத்த பையன் உரிமம் கிடைத்ததும் அடுத்த ஷெட்டுக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான் என்று அவர்கள் மனம் வருந்துவதில் உண்மை உண்டு. வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் பார எடையைப் பொறுத்ததே தவிர, டிரைவரின் பயிற்சியைப் பொறுத்ததன்று; நன்றாகப் பழக்கியவருக்கும் பழக்காதவருக்கும் ஒரே தொகைதான். வேலை நேரத்தை வரையறுத்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த ஸ்தாபனங்களையே கட்டுப்படுத்தியது. சிறு முதலாளியின் ஆள் அதன் நிழலுக்கு வெளியே நின்றான். ஆகவே, தனியொரு முதலாளியின் மனசாட்சியை நம்பி இது திருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிற இடங்களின் ஏற்பாடுகள் வழி காட்டக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2003-ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, லாரி ஓட்டுகிறவருக்குத் தொழில்முறைத் தொடக்கப் பயிற்சியையும், பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவரும் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியிருப்பதால், பயிற்சி என்பது புதியவனுக்கு மட்டும் உரிய தாழ்வு என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. நம் மாநிலத்திலேயே லாரித் தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல்லில் 1990-களிலிருந்து முறையான டிரைவர் பயிற்சி நிலையம் நடந்துவருகிறது. எழுத்தறிவில் மாநிலத்தில் முதலிடம் வகிக்கும் நம் மாவட்டத்தின் இளைஞன் கிளீனர் வேலையின் வழியாக இனி இத்தொழிலுக்கு வரப்போவதில்லை. படித்துவிட்டு நேராக உரிமத்தோடு வருகிறவனை வரவேற்கத்தக்க வாசலை நாம் இன்னும் கட்டவில்லை.

செய்ய வேண்டியவை அரியவையல்ல. புதியவனின் முதல் ஆறு மாதத்து நடைகளில் மூத்தவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். கற்றுக்கொடுக்கும் அவருக்கு அதற்கென்று தனிப் பேட்டா வேண்டும். பழுதில்லாத வண்டியே பழகும் கைக்குக் கொடுக்கப்பட வேண்டும். ஓட்டிய சரக்கும் தூரமும் காலமும் குறித்த ஒரு சேவைப் புத்தகம் டிரைவரின் சொந்த உடைமையாக அவர் கையில் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைச் சிறு முதலாளி தனியே தாங்க மாட்டார். லோடு கொடுக்கிறவரும் பங்கேற்க வேண்டும். மணல் ஆலையாயினும் கல் குவாரியாயினும் துறைமுக ஏஜெண்டாயினும், சரக்கு ஏற்ற ஒப்பந்தம் கோரும் ஒவ்வொரு ஸ்தாபனமும் இந்த நான்கையும் நிபந்தனையாக எழுதி, அதற்குரிய வாடகையையும் சேர்த்துத் தரட்டும். முதல் அடியைப் பொதுத்துறை எடுத்து வைக்குமாறு இம்மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் வற்புறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.