பயிற்சிக் கணக்கும் அந்தப் பதினேழும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில், 'எண்களும் தொடர்வரிசைகளும்' இயலில், ஒரு கணக்கு உண்டு. 2⁸¹-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி என்ன? நன்றாகப் படிக்கிற பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். 2⁴ என்பது 16. 17-ஆல் வகுக்கும்போது 16-ம் −1-ம் ஒன்றுதான். −1-ஐ இருபது முறை பெருக்கினால் 1. ஆக 2⁸⁰-க்கு மீதி 1. இன்னொரு 2-ஆல் பெருக்கினால் விடை 2. நாலே வரி.

போன வருடம் ஒரு வகுப்பில் 17-ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் 15 என்று எழுதினேன். ஏறக்குறைய எல்லா நோட்டிலும் விடை 2 என்று வந்தது. விடை சரிதான். வந்த வழியைப் பார்த்தபோதுதான் திக்கென்றது. பாதிப் பேருக்கு மேல் 2⁴ ≡ −1 (மட்டு 15) என்று எழுதியிருந்தார்கள். 16-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 1. −1 எங்கிருந்து வந்தது? பழைய கணக்கிலிருந்து வந்தது. இருபது இரட்டைப்படை எண் என்பதால் அந்தப் பொய்க் குறி தானாக அழிந்து, தவறு தடயமே இல்லாமல் மறைந்துவிட்டது. விடையை மட்டும் பார்த்துத் திருத்துகிற ஆசிரியராக இருந்திருந்தால் வகுப்புக்கே சபாஷ் போட்டிருப்பேன்.

கணக்குப் பயிற்சி பற்றி நம் ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. 'போட்டுப் போட்டுப் பார், தானாக வரும்' என்பது ஒன்று. 'மனப்பாடம் வேண்டாம், புரிந்து படி' என்பது மற்றொன்று. இரண்டும் கணக்கு என்றால் எல்லாம் ஒரே சரக்கு என்று எடுத்துக்கொள்கின்றன. என் அனுபவம் வேறு. புத்தகத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு இயல்கள், எண்ணியலும் இயற்கணிதமும், ஒரே விதமான பயிற்சிக்கு ஒரே விதமாகப் பலன் தருவதில்லை. ஒன்றில் மருந்தாக இருப்பது மற்றொன்றில் இரண்டாம் வேளைக்கே வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

இயற்கணிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கூட்டினால் −10, பெருக்கினால் 21 வர வேண்டும். எந்த இரண்டு எண்கள்? −3, −7 என்று கேட்ட மாத்திரத்தில் வர வேண்டும். விகிதமுறு கோவைகளைச் சுருக்கும் ஒரே கணக்கில் இப்படி நான்கு இடத்தில் காரணிப்படுத்த வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் யோசிக்கிற பிள்ளைக்கு, நான்காவதை முடிக்கும்போது எதற்காக இதைத் தொடங்கினோம் என்பதே மறந்துபோயிருக்கும். மூன்று மாறிகளில் வரும் ஒருங்கமை சமன்பாடுகளில் பத்துப் பதினைந்து வரி ஓடிய பிறகு, எங்கோ ஒரு கழித்தல் குறி தவறியிருப்பது தெரிந்தால் பெரியவர்களுக்கே எழுந்து போய்விடலாம் என்றிருக்கும். பூக் கட்டுகிறவர்களைப் பாருங்கள். விரல்கள் தம்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, வாய் ஊர்க்கதை பேசும். முடிச்சை யோசித்துப் போடுகிறவரால் பேச முடியாது. குறிகளையும் அடைப்புகளையும் விரலுக்குக் கொண்டுபோய்விட்டால் மூளைக்குப் பேச நேரம் கிடைக்கும். இதற்கு நூறு கணக்கு போட்டே ஆக வேண்டும். 'புரிந்தால் போதும்' கட்சிக்கு இந்த இடத்தில் என்னிடம் ஓட்டு கிடையாது.

ஆனாலும் எந்த மாதிரிப் போடுவது என்ற கேள்வி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இயற்கணிதக் கணக்குகளை வைத்தே செய்யப்பட்டது. மாணவர்களைத் தாமாகவே கணக்குகளைப் போட விடுவதைவிட, போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிக்கவைத்தபோது, அதே மாதிரியான கணக்குகளை அவர்கள் விரைவாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள். நம் 'எடுத்துக்காட்டு' முறைக்கு இது நல்ல சான்றிதழ். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கணக்கின் அமைப்பை மாற்றிக் கொடுத்தபோது அந்த ஆதாயத்தைக் காணவில்லை. என் 15-ஆம் மட்டுக் கதைதான், கொஞ்சம் கண்ணியமான மொழியில்.

இயற்கணிதத்திலும் பயிற்சி மூடி மறைக்கும் ஓட்டைகள் உண்டு. 'ஓர் எண்ணின் வர்க்கம், அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம், எண் எது?' என்று கேட்டுப் பாருங்கள். இருபடிச் சமன்பாட்டை ஐம்பது முறை தீர்த்த கைகள் இரு பக்கமும் ஒன்றையே அடித்துவிட்டு 5 என்று சொல்லும். 0-ம் ஒரு விடை என்பது அடித்த கோட்டுக்கு அடியில் நசுங்கிப்போயிருக்கும். அடிப்பது என்பது வகுப்பது, பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பயிற்சியின் வேகம் தின்றுவிட்டது. வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண்பது இன்னொரு உதாரணம். 'இந்தப் பல்லுறுப்புக்கோவை முழு வர்க்கம் எனில் விடுபட்ட குணகங்களைக் காண்க' என்று வந்தால், பிள்ளைகள் அந்த நீண்ட படிக்கட்டைக் கோடு பிசகாமல் இறங்குவார்கள். ஒவ்வொரு படியிலும் முந்தைய விடையை ஏன் இரட்டிப்பாக்குகிறோம் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மூன்று உறுப்புகளின் கூட்டலை வர்க்கப்படுத்தும் முற்றொருமையை எழுதி, குணகங்களை ஒப்பிட்டால் நான்கைந்து வரியில் முடிகிற விஷயம் அது. அந்த முற்றொருமையும் அவர்களுக்கு மனப்பாடம்தான். இரண்டும் பக்கத்து வீடுகள், நடுவில் போக்குவரத்து இல்லை.

எண்ணியலுக்கு வருவோம். அது வேறு சாதிக் குதிரை. அங்கே கைவேலை குறைவு. கணக்குக்கு ஒரு பார்வைதான் மூலதனம். 2-இன் ஏதோ ஓர் அடுக்கை எடுத்து, அதோடு 9-இன் அதே அடுக்கை 6-ஆல் பெருக்கிக் கூட்டினால், வருவது எப்போதும் 7-ஆல் வகுபடும் என்று நிறுவச் சொல்கிறது புத்தகம். பார்க்க மலைப்பாக இருக்கும். 7-ஆல் வகுக்கும்போது 9-ம் 2-ம் ஒரே மீதிதானே என்று கண்ணில் பட்டுவிட்டால் போதும். ஒரு பங்கும் ஆறு பங்கும் சேர்ந்து ஏழு பங்கு. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. 9-ஐ 2 என்று பார்க்கிற அந்த ஒரு கணத்துக்குத்தான் இந்தக் கணக்கே. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, நோட்டில் எழுதவைத்து, ஸ்லிப் டெஸ்ட்டில் கேட்டு, ரிவிஷனில் மறுபடி கேட்கும்போது அந்தக் கணம் எப்போதோ செலவழிந்துபோயிருக்கும். காரணிப்படுத்தலை நூறு முறை செய்தால் நூறு முறையும் கொஞ்சம் லாபம். எண்ணியலில் ஒரு கணக்கை உண்மையில் ஒரு முறைதான் போட முடியும். இரண்டாம் முறை போடுவது நினைவுகூர்தல்.

ஒரு மதிப்பெண் வினாக்களில் நிலைமை இன்னும் மோசம். 65, 117 ஆகியவற்றின் மீ.பொ.வ-வை, 65-இன் ஒரு மடங்கிலிருந்து 117-ஐக் கழித்து எழுதலாம் எனில் அந்த மடங்கு எது? மீ.பொ.வ. 13, 117-ஐக் கூட்டினால் 130, அது 65-இன் இரு மடங்கு. அழகான சின்னக் கணக்கு. இரண்டு எண்களின் மீ.பொ.வ-வை அந்த எண்களின் மடங்குகளைக் கொண்டே எழுதிவிடலாம் என்ற பெரிய உண்மைக்கு அது ஒரு சாளரம். 'புக் பேக் ஒன் மார்க்' மனப்பாடத்தில் அது '65, 117 பார்த்தால் 2' என்று சுருங்கிவிடுகிறது. சாளரத்தைப் பெயர்த்து விறகாக்கிக்கொண்டோம்.

இதற்கெல்லாம் ஆசிரியர்களைத் திட்டுவது சுலபம். வினாத்தாளின் அமைப்பைப் பார்த்தால் திட்ட மனம் வராது. நூறு மதிப்பெண்ணில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் வரைதல் ஒன்று, கிராஃப் ஒன்று. இரண்டும் சேர்ந்து 16. ஆக முப்பது. இன்னும் மூன்று இரண்டு மதிப்பெண் கணக்கு சரியாக வந்தால் தேர்ச்சிக்கு வேண்டிய 35-ஐத் தாண்டியாயிற்று. பல பள்ளிகளில் ஆசிரியர் ஜனவரி மாதம் போடுகிற கணக்கு இதுதான், அதில் எண்ணியலைவிட நேர்மையான எண்ணியல் இருக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத, டியூஷனுக்குப் பணம் இல்லாத பிள்ளைக்கு, 'இந்தப் புத்தகத்தில் உள்ளதை முழுசாகப் போட்டுப் பார், உன்னைக் கைவிட மாட்டோம்' என்பது ஒரு வாக்குறுதி. புத்தகத்துக்கு வெளியிலிருந்து கேட்கும் வினாத்தாள் சிந்தனையைச் சோதிக்கும் என்று சொல்கிறவர்கள், அப்படிக் கேட்டால் முதலில் யார் விழுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சி நூலும் கோச்சிங்கும் வாங்க முடிந்தவர்கள் விழ மாட்டார்கள். மனப்பாடப் பயிற்சியின் மிகப் பெரிய பலம் கணிதத்தில் இல்லை, நியாயத்தில் இருக்கிறது. இதை மறுத்துவிட்டு எழுதப்படும் எந்தத் திறனாய்வையும் நான் நம்புவதில்லை.

மனப்பாடம் என்ற சொல்லையே கேவலமாகப் பேசுவதும் நமக்குப் புது வழக்கம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொல்லித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தி. செந்தில்பாபு அந்தப் பள்ளிகளின் கணக்கு மரபை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நினைவாற்றலை அவர் அங்கே வெறும் ஒப்பித்தலாகப் பார்க்கவில்லை, கற்கும் முறையாகவே பார்க்கிறார். மனத்தில் ஏற்றிய வாய்பாடு நெல்லளவிலும் நில அளவிலும் வட்டிக் கணக்கிலும் இறங்கி வேலை செய்தது. கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு வழி சொல்லியிருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. ஏன் என்று அது சொல்வதில்லை. (நான் இரண்டு பழத்தில் சோதித்தேன். ஒன்று நெருங்கி வந்தது, மற்றொன்று ஏமாற்றியது.) ஆனால் பழத்தை வெட்டி எண்ணிப் பார்க்கலாம்; வாய்பாட்டின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு இருந்தது. இன்றைய 'ஒன் மார்க்' மனப்பாடத்தில் வெட்டிப் பார்க்கப் பழமே இல்லை.

அப்படியானால் கோளாறு எங்கே? திரும்பத் திரும்பப் போடுவதில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். கணக்குகளை அடுக்கிவைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பயிற்சி 2.3 என்றால் எல்லாமே மட்டு எண்கணிதம். 'இன்று செவ்வாய், 45 நாள் கழித்து மாமா வருகிறார், என்ன கிழமை?' என்று கேட்பதற்கு முன்பே 7-ஆல் வகு என்று தலைப்பு காதில் ஓதிவிடுகிறது. எந்த வழியை எடுப்பது என்று தீர்மானிப்பதுதான் கணக்கின் பாதி உழைப்பு. அந்தப் பாதியைப் புத்தகமே செய்து கொடுத்துவிடுகிறது. பிள்ளை ஆண்டு முழுவதும் மறுபாதியை மட்டும் பழகுகிறது. கட்டாய வினாக்களான 28-ஐயும் 42-ஐயும் பார்த்து நன்றாகப் படிக்கிற பிள்ளையும் பயப்படுவது இதனால்தான். அங்கே தலைப்பு கிடையாது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அமெரிக்காவில் டக் ரோரரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த சோதனையை 2020-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 54 வகுப்புகள். ஒரு சாராருக்குப் பயிற்சிக் கணக்குகளைத் தலைப்பு வாரியாகவும் மறு சாராருக்குக் கலந்துகட்டியும் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் தேர்வு வைத்தபோது கலந்து போட்டவர்கள் தெளிவாக முந்தினார்கள். பயிற்சி நேரத்தில் தடுமாறுகிறவர்கள் என்னவோ இந்தக் கலப்படக்காரர்கள்தான். அதனால்தான் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் இந்த முறை பிடிப்பதில்லை. ஒரே பக்கத்தில் பத்துக்குப் பத்து வாங்கிய நோட்டு கண்ணுக்கு அழகாக இருக்கிறது.

ஒலிம்பியாட் பயிற்சி இந்த நோய்க்கு மருந்து என்பார்கள். அரை மருந்து. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எந்த எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. ஏனெனில் வர்க்கங்களுக்கு மீதி 0 அல்லது 1 மட்டுமே. முதன்முதலில் பார்க்கும்போது புல்லரிக்கும். கோச்சிங் குறிப்பேட்டில் அது 'வர்க்கம் தெரிந்தால் உடனே 4-ஆல் பார்' என்ற சட்டமாகிவிடுகிறது. விலை உயர்ந்த மனப்பாடம்.

நான் செய்து பார்ப்பது சின்ன வேலைதான். எண்ணியலில் புத்தகக் கணக்கு ஒன்றை முடித்ததும் ஓர் எண்ணை மட்டும் மாற்றுகிறேன். சில நாள் கணக்கைப் போடவே விடுவதில்லை. எந்த இயலின் வழி என்று சொன்னால் போதும். காரணிப்படுத்தலுக்கு மட்டும் பழையபடியே பக்கம் பக்கமாகப் போடச் சொல்கிறேன். நேரம் பிடிக்கிறது, ஜனவரிக்குப் பிறகு இதற்கெல்லாம் இடமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

15-க்கு −1 எழுதியவர்களில் ஒரு பெண் மறுநாள் வந்தாள். தவறு அவளுக்குப் புரிந்திருந்தது. வேறு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது.

"சார், 2⁴-க்கு −1 வரணும்னா எந்த எண்ணால வகுக்கணும்?"

"நீயே பாரேன்."

"16-ம் −1-ம் ஒரே மீதின்னா, நடுவுல இருக்கிற வித்தியாசம் 17. அது மீதியில்லாம வகுபடணும். 17-ஐ 17-ஆலதான் வகுக்க முடியும். 1-ஆல வகுக்கலாம், ஆனா அது சும்மா."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அதனாலதான் சார் புக்குல 17 போட்டிருக்காங்க!"