பெயரும் உருவும்: குடும்ப நிழற்படம் பற்றிய ஓர் ஆராய்வு

ஓவியத்தையும் சிற்பத்தையும் கலையென ஏற்போர், வீட்டு விறாந்தையில் மாட்டிய குடும்ப நிழற்படத்தைக் கலையென ஏற்கத் தயங்குவர். அது பொறியின் வேலை, அதில் ஆராய்தற்கு யாதுளது என்பர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் எண்ணம். உருவத்தைப் பேணும் எக்கலையிலும் பெயர் என்னும் ஒன்று உடன் நிற்கின்றது. ஆகவே, யார் பெயரோடு நிற்கின்றார், யார் பெயரின்றி நிற்கின்றார் என்னும் வினாவை அளவுகோலாகக் கொள்வாம்.

இவ்வளவுகோல் தமிழிலக்கணத்துக்குப் புதியதன்று. அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியனார் வகுத்த வரையறை. பாண்டியர்க்குரிய வேம்பு குறிக்கப்பட்டமையால், பெயர் கூறப்படாத நெடுநல்வாடையையும் நச்சினார்க்கினியர் புறமெனக் கொண்டமை மாணவர் அறிந்ததே. மறுதலையாக, போரில் வீழ்ந்தானுக்கு நட்ட கல்லில் அவன் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டன. எனவே பெயரை மறைத்தலும் பொறித்தலும் நம் முன்னோர்க்குச் சிறு செயல்களல்ல.

இனி, நம் நாட்டில் எடுக்கப்பட்ட படங்கள் சிலவற்றைக் காண்பாம். பள்ளி வரலாற்றில் 1829 முதல் 1833 வரையான கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவைப் பற்றிப் படித்திருக்கின்றோம். அக்கமரனின் மனைவியார் ஜூலியா மார்கரெட் கமரன் என்பார், நாற்பத்தெட்டாம் வயதில் நிழற்படக் கருவியைக் கையிலெடுத்து, அக்கலையின் தலைசிறந்தோருள் ஒருவரென மதிக்கப்பட்டவர். தெனிசன், டார்வின், ஏர்செல் முதலியோரின் முகங்களை உலகம் இன்றும் அவர் படங்களிலேயே காண்கின்றது. 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்த அவர் களுத்துறையில் வாழ்ந்தார். 1879இல் மலைநாட்டிலே காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கே அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அவற்றிற் பல தோட்டத்தில் உழைத்த தமிழரின் உருவங்கள் என்பர்.

அவற்றின் அழகை மறுத்தல் நேர்மையன்று. ஒளி ஒரு பக்கத்தால் வீழ்கின்றது. முகத்தின் களைப்பும் பெருமிதமும் மறையாது நிற்கின்றன. தெனிசனுக்குக் கொடுத்த கவனத்திற் குறைந்ததொன்றை அவர் இத்தொழிலாளர்க்குக் கொடுத்தாரல்லர். ஆயின் தெனிசன் படத்தின்கீழ்த் தெனிசன் என்றுளது. இவர் படத்தின்கீழ் இவர் பெயரில்லை. களுத்துறைக் குடியானவர் என்னும் 1878ஆம் ஆண்டுப் படமொன்றிலே, சிறுமிக்கு வயது பன்னிரண்டென்றும் முதியவர் தம் வயதை நூறென்று கூறினாரென்றும் குறிப்புக் காணப்படுகின்றது. வயதைக் கேட்டறிந்தவர் பெயரை எழுதினாரல்லர்.

பெயரின்மையே இப்படங்களுக்கு அகப்பாடலின் பொதுமையைத் தருகின்றது என வாதிடுவாருமுளர். இவ்வாதம் கவர்ச்சியுடையதெனினும் நில்லாது. அகத்திணையிற் பெயரொழித்தல் யாவர்க்கும் பொதுவான நெறி; மன்னனேயாயினும் அங்கே தலைவன் என்னும் அளவிலேயே நிற்பான். புலவர் பெயரிருப்பின் அஃது அகமாகாது. கமரன் அம்மையார் படங்களிலோ புலவர் பெயர் நின்றது, தொழிலாளி பெயர் நீங்கிற்று. ஒருவர்க்கு ஒரு நெறியும் மற்றொருவர்க்கு வேறொரு நெறியும் கொண்டமையால், இஃது அகமரபன்று. அக்காலத்து ஆட்சியாளர் மக்களைக் கண்ட முறையேயாம். 1868க்கும் 1875க்கும் இடையே எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் என்னும் படநூலும், 1909இல் எட்கார் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளும் அம்முறைக்குச் சான்று. ஆங்கே மனிதன் தன் குலத்துக்கு ஒரு மாதிரியாக நிறுத்தப்பட்டான்.

இவ்வாறு மாதிரியாக நிறுத்தப்பட்ட வேறொரு மக்கள் அதற்கு அளித்த விடை நாம் கற்றற்குரியது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பொய்ஸ் தம் மக்களின் நிழற்படங்கள் முந்நூற்று அறுபதுக்கு மேற்பட்டவற்றைத் தொகுத்து வைத்தார். கல்விகற்றோர், கடைக்காரர், வீட்டு முற்றத்தில் நிற்கும் குடும்பத்தார், நேர்த்தியாக உடுத்த சிறுவர் ஆகியோர் அவற்றிலுளர். அட்லாண்டா நகரத்துக் கறுப்பினக் கலைஞர் தாமஸ் ஆஸ்கியூ எடுத்தவையும் அவற்றுள் அடங்கும். ஆங்கும் பெரும்பாலார்க்குப் பெயரில்லை. எனினும் வேறுபாடு பெரிது. மாதிரி என்னும் சொல்லைப் பிறர் கையினின்று வாங்கி, இம்முகங்களை எந்த மாதிரியில் அடைப்பீர் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவர்க்குப் பின் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் ஜேம்ஸ் வான் டெர் சீ என்பார் ஸ்ரூடியோ நடத்தி, அயலாரின் திருமணம், பிறப்பு, இறப்பு, கழகக் கூட்டம் யாவற்றையும் பல்லாண்டு படம்பிடித்தார். 1969இல் பெருநகர அரும்பொருட் சாலையொன்று அவற்றைக் காட்சிக்கு வைத்தபோதே வெளியுலகம் அவரை அறிந்தது. அப்போது அவர்க்கு வயது எண்பது கடந்திருந்தது. ஆபிரிக்காவின் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்ரூடியோ திறந்த செய்து கெயிற்றாவின் படங்கள் 1991இல் நியூயோர்க்கிற் காட்டப்பட்டபொழுது, எடுத்தவர் அறியப்படாதவர் என்றே எழுதப்பட்டது. படத்திலுள்ளார் பெயரேயன்றிப் படமெடுத்தார் பெயரும் அழியுமென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் ஸ்ரூடியோக்களும் இவ்வினத்தனவே. தூணும் படிக்கட்டும் பூங்காவும் தீட்டிய திரை, ஒரு நாற்காலி, பூச்சாடி தாங்கிய முக்காலி ஆகிய இவ்வளவே அவற்றின் கருவிகள். இத்திரையைப் பொய்மை என்பார், பாட்டிலே வரும் சோலையையும் பொய்மை எனல் வேண்டும். வீட்டில் எவ்வாறு இருந்தோம் என்பதையன்று, எவ்வாறு மதிக்கப்பட விரும்பினோம் என்பதையே அப்படம் கூறுகின்றது. அக்காலத்தார் சிரியாமைக்குப் பொறியின் மெதுவே காரணமென்பர் சிலர். இருபதாம் நூற்றாண்டிற் பொறி விரைவடைந்த பின்னரும் நம்மவர் சிரித்திலர். முழங்காலிற் கைவைத்து நேர்நோக்கி அமர்ந்தமை அவர் தெரிந்துகொண்ட மெய்ப்பாடு. கோயிலுக்குச் செல்வார் தோற்றம் அது. மலாயாவில் உத்தியோகம் பார்த்தார்க்கு மனைவி மக்கள் படமும், ஊரிலிருந்தார்க்கு அவர் படமும் கடல்கடந்து சென்றன. சம்பந்தம் பேசுதற்கும் படம் சென்றது. செத்தவீட்டில் மாலை சூட்டப்பட்டதும் அதுவே.

இவ்வளவும் கூறிய யான், என் வீட்டுப் படத்தையும் அவ்வளவுகோலால் அளத்தல் கடன். என் தாய்வழிப் பாட்டனார் மலாயாவினின்று மீண்ட பின், 1951 அளவில் எடுப்பித்த படமொன்று எங்கள் சுன்னாகத்து வீட்டில் இருந்தது. நடுவே அவரும் பாட்டியாரும். பக்கத்தே பிள்ளைகள் இருவர். ஓரத்து முக்காலியிற் கைக்குழந்தையாக என் தாயார். குழந்தையின் முதுகை ஒரு கை தாங்கியிருக்கும். அது பாட்டியாரின் கை என்றே யாவரும் நம்பினோம். பாட்டியாரின் இரு கைகளும் மடியிலிருப்பதை நாற்பதாண்டுக்கு மேலாக ஒருவரும் எண்ணிப் பார்த்திலர்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, என் தாயார் கண்ணாடியையும் சட்டத்தையும் நீக்கிப் படத்தை மட்டும் காணி உறுதிகளோடு வைத்து எடுத்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் அதனை விரித்தபோதுதான் அக்கைக்குரியவரைக் கண்டோம். அட்டை விளிம்பின்கீழ் மறைக்கப்பட்டு, வீட்டு வேலைக்கு வந்த பெண்ணொருவர் நின்றிருந்தார். படத்தின் முதுகிலே பாட்டனாரின் கையெழுத்தில் ஐந்து பெயர்கள். ஆறாவது பெயர் இல்லை.

“அவதான் என்னை வளர்த்தவ. பேரை எழுத வேணுமெண்டு ஆர் நினைச்சது?” என்றார் தாயார். பின்பு பென்சிலால் அப்பெயரை எழுதினார். ஊர் மீண்டு பல்லாண்டு கழிந்தபின், அப்பெண்ணின் பேர்த்தியாரைத் தேடி ஒரு பிரதி கொடுத்தேன். அவர்களிடம் அவருடைய வேறு படமில்லை. அவருருவை மட்டும் பெருப்பித்து மாட்டியுள்ளார்கள்; ஓரத்தில் என் தாயாரின் பாதி முகம் தெரிகின்றது. அப்பெயரை ஈண்டு எழுதாமை, அது கேட்டுப் பெறவேண்டிய உரிமை என்பதனாலேயாம்.

கமரன் அம்மையார் தொழிலாளியின் உருவத்தைக் காட்டிப் பெயரை விட்டார். யாம் உருவத்தையும் மறைத்தோம். பிறர் நம்மைக் கண்ட முறையைக் குறைகூறுவார், நாம் நம்முள் ஒருவரையொருவர் கண்ட முறையையும் உடன்வைத்துக் கூறுதலே நடுவுநிலைமை. குடும்பப் படம் ஆராய்தற்குரிய கலையாதல் இதனாலேயே துணியப்படும். எவரை நடுவில் இருத்துவது, எவரை விளிம்புக்கு அப்பால் தள்ளுவது என்னும் தெரிவு அதிலுளது. தெரிவு உள்ளவிடத்துத் திறனாய்வுக்கும் இடமுண்டு.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோப் படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் பிரித்தானிய நூலகத்தின் துணையுடன் எண்ணிம முறையிற் பதிந்து வைத்துள்ளனர். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் நம்மவர் முயற்சி ஈழத்து ஏடுகளைத் திரட்டிப் பேணுகின்றது. அவை போன்ற பெரும்பணிக்கு முன்னே, எவரும் இன்றே செய்யக்கூடிய சிறு பணியொன்றுண்டு. மாணவரும் பழைய மாணவரும் தத்தம் வீட்டுப் படங்களைச் சட்டத்தினின்று கழற்றி, முதியோர் உள்ளபோதே கேட்டு, முதுகில் எல்லார் பெயரையும் எழுதுவாராக. எழுதுமுன் படத்திலுள்ள கைகளை எண்ணிப் பார்ப்பாராக.